பரண் தொட்டியும் கைப்பிடிச்சுவரும்

பிரிட்டனின் பழைய வீடுகள் பலவற்றில், சாய்கூரைக்கும் மாடியறையின் உட்கூரைக்கும் இடைப்பட்ட பரணில் ஒரு குளிர்நீர்த் தொட்டி இருக்கும். தெருக்குழாயிலிருந்து வரும் நீர் மிதவை வால்வின் வழியே அதில் நிறைந்து, குளியலறைக்கும் வெந்நீர்க் கலனுக்கும் இறங்குகிறது. 50 காலன் தொட்டி என்றால் சுமார் 227 லிட்டர் கொள்ளும். நிறைந்தபோது நீரின் எடை மட்டுமே ஏறக்குறைய 227 கிலோ. அதன் நேர்கீழே பெரும்பாலும் யாரோ உறங்குகிறார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை. கண்ணில் படாத ஓர் ஆபத்துக்கு, அதனால் தீங்கு எதுவும் நேராத வரையிலும், வீட்டில் குடியிருப்பவர் பொறுப்பாவாரா? நீதி நூல்களும் சமய நூல்களும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வி இது.

முதலில் ஆபத்து எது என்று தெளிய வேண்டும். உட்கூரையின் மரச்சட்டங்கள் இவ்வளவு பாரத்தை ஒரே இடத்தில் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே தொட்டியைச் சுமைதாங்கும் சுவருக்கு அருகில், பல சட்டங்களுக்குப் பாரம் பகிரும்படி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியானால் அடிப்பகுதி முழுவதும் தட்டையான, உறுதியான பலகைமேல் அமர வேண்டும். இரண்டு கட்டைகள்மேல் நிறுத்தினால் நாளடைவில் அடி தொய்ந்து வெடிக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பிலுள்ள 1999ஆம் ஆண்டின் நீர் இணைப்பு விதிகள் நீர் மாசுபடாமல் இருக்க இறுக்கமான மூடியைக் கோருகின்றன. காற்றுத் துளைக்கும் வழிந்தோடும் குழாய்க்கும் பூச்சி புகாத வலை வேண்டும். பக்கங்களையும் மேற்புறத்தையும் வெப்பக்காப்பு உறையால் போர்த்துவார்கள். கீழ்ப்புறத்தை மட்டும் விட்டுவிடுவார்கள், வீட்டின் கதகதப்பு மேலேறிக் குளிர்காலத்தில் நீர் உறையாமல் காக்கட்டும் என்று. கோடையில் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் தேங்கினால் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகக்கூடும்.

இவற்றைவிடக் கொடியது வெந்நீரால் வரும் ஆபத்து. வெந்நீர்க் கலனிலிருந்து ஒரு திறந்த குழாய் மேலேறித் தொட்டியின் மூடிக்குள் வந்து முடியும். கலனின் தெர்மோஸ்டாட் பழுதாகி நீர் இடைவிடாமல் கொதித்தால், அது அந்தக் குழாய் வழியே தொட்டிக்குள் கொட்டும். சூடேறிய பிளாஸ்டிக் இளகித் தொட்டி சரிந்தால், கொதிநீர் உட்கூரையை உடைத்துக்கொண்டு கீழே உறங்குபவர்மேல் விழும். பிரிட்டனில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வெப்பம் அளவுமீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சிறு கருவி ஒன்று அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

வீட்டின் மேற்பகுதியால் வரும் ஆபத்தைப் பற்றிய மிகப் பழைய சட்டங்களில் ஒன்று விவிலியத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் உள்ளது. புதுவீடு கட்டுகிறவர் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு யாரேனும் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும். யூத மரபு இதைக் கட்டட விதியாக மட்டும் கொள்ளவில்லை, இறைக்கட்டளையாகவே ஏற்றது. சுவர் பத்துக் கைப்பிடி உயரமாவது இருக்க வேண்டும், சாய்ந்தவரைத் தாங்கும் உறுதி வேண்டும் என்று அளவு வகுத்தது. அதைக் கட்டும்போது சொல்ல ஓர் ஆசிமொழியையும் விதித்தது. ஓர் உயிரைக் காக்கும் கொத்துவேலை இதனால் வழிபாட்டின் இடத்துக்கு உயர்ந்தது.

இங்கே தலைவிதியைப் பற்றிய கேள்வி எழுகிறது. விழப்போகிறவன் விழுந்தே தீர்வான் என்றால் சுவர் எதற்கு? யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதின் சபாத் பகுதி இதை நேராகவே எதிர்கொள்கிறது. விழுகிறவனுக்கு அந்த முடிவு படைப்பின் நாட்களிலேயே குறிக்கப்பட்டிருக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் நன்மை நல்லோர் கையாலும் தீமை குற்றமுடையோர் கையாலும் வந்துசேர்கிறது என்கிறது. அடுத்தவன் தலையெழுத்தை யாராலும் மாற்ற முடியாமல் இருக்கலாம். அதை நிறைவேற்றும் கருவியாகாமல் இருப்பது ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. விதியை நம்புவோருக்கும் கவனக்குறைவுக்குச் சாக்கு இல்லை என்பதே இதன் பொருள்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் தம் ‘மிஷ்னே தோரா’ என்னும் சட்டத் தொகுப்பில் இந்தக் கட்டளையை விரித்தார். முற்றத்தில் கிணறோ குழியோ இருந்தால், நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும் அல்லது மூடி போட வேண்டும். உயிருக்கு ஊறு செய்யும் எதையும் அகற்றுவது கடமை. என் உயிரை நான் பணயம் வைத்தால் பிறருக்கு என்ன என்று கேட்பவனுக்கும் தண்டனை உண்டு. இதையடுத்து அவர் எடுத்துக்கொள்வது மூடாமல் விட்ட நீரை. நச்சுப்பிராணி வாய்வைத்திருக்கலாம் என்பதால் அதைக் குடிக்கலாகாது. காரணம் இன்று நுண்ணுயிராக மாறியிருக்கலாம். மூடியின் கடமை மாறவில்லை.

பொறுப்பு யாருடையது? கட்டியவருடையதா, சொந்தக்காரருடையதா? தல்மூதின் பாபா மெட்சியா பகுதி கைப்பிடிச்சுவரை எழுப்பும் பொறுப்பை வாடகைக்கு இருப்பவர்மேல் வைக்கிறது. இன்றைய வாடகைச் சட்டங்கள் பராமரிப்பின் பெரும்பங்கை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுப்பதால் அந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்த இயலாது. அதன் உட்கருத்து மட்டும் நிலைக்கிறது: ஆபத்துக்கு அருகில் வாழ்பவர், அது வேறொருவர் வேலை என்று கண்ணை மூடிக்கொள்ளலாகாது. பழுதைத் தாமே நீக்க வேண்டாதவரும் அதைக் கண்டு சொல்லக் கடமைப்பட்டவர்.

சமயம் சாராமலும் இதே முடிவுக்கு வரலாம். ஆங்கிலேயக் கணிதரும் மெய்யியலாளருமான வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் வெளியிட்ட ‘நம்பிக்கையின் அறம்’ என்னும் கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைக் காட்டினார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. இத்தனை பயணங்களில் தப்பியது இம்முறையும் தப்பும் என்று தன் ஐயத்தைத் தானே அடக்கி, குடிபெயர்வோரை ஏற்றி அனுப்புகிறான். அது மூழ்குகிறது. அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தால்? அப்போதும் அவன் அதே அளவு குற்றவாளியே என்றார் கிளிஃபர்ட். நம்பியது நடந்ததா என்பது அளவுகோல் அல்ல. அப்படி நம்ப அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே அளவுகோல். ஆராயாமல் வந்த நம்பிக்கைக்கு அந்த உரிமை இல்லை. இருபது ஆண்டுகளாக ஒழுகவில்லை என்பதால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று நம்புவதும் அத்தகையதே.

இதற்கு எதிரான வாதமும் வலுவானது. மெய்யியலாளர்களான பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1970களில் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ பற்றி எழுதினர். ஒரே அளவு அசட்டையாக இருந்த இருவரில் ஒருவர் வீட்டில் மட்டும் தொட்டி சரிந்தால், உலகம் அவரை மட்டுமே பழிக்கிறது. அவர் மனமும் வாழ்நாள் முழுவதும் அவரை விடாது. விளைவு ஒரு பொருட்டே அல்ல என்று சொல்வது இந்த அனுபவத்தை மறுப்பதாகும். ஆயினும் இவ்வாதம் காட்டுவது பழியின் ஏற்றத்தாழ்வையே. தப்பித்தவரின் அசட்டை அதனால் குற்றமற்றதாகிவிடாது. அவருக்கு வாய்த்தது நல்லூழ் மட்டுமே.

எச்சரிக்கைக்கு எல்லையும் வேண்டும். எல்லா அபாயத்தையும் நீக்க முனைந்தால் வாழ்வதற்கு நேரம் இராது. பலரும் அறிந்து ஏற்று நடக்கும் சிற்றபாயங்களில் எளியோரை இறைவன் காக்கிறான் என்று அமைவதைத் தல்மூதும் அனுமதிக்கிறது. பரண் தொட்டிக்கு அந்தச் சலுகை பொருந்தாது. யாரும் பார்க்காததை யாரும் அறிந்து ஏற்றதாகச் சொல்ல முடியாது. கீழே உறங்கும் குழந்தையிடமோ விருந்தினரிடமோ எவரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்தக் கடமை ஆற்ற முடியாத பாரமும் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஏறிப் பார்த்து, அடிப்பலகை, மூடி, வலை, மிதவை வால்வு, வழிந்தோடும் குழாய் ஆகியவை சரியாக உள்ளனவா என்று உறுதி செய்ய வேண்டும். நீரில் கசடோ செத்த பூச்சியோ தெரிந்தால் தொட்டியை வடித்துக் கழுவ வேண்டும். தொட்டி நீர் வெதுவெதுப்பாக இருந்தாலோ, குளிர்நீர்க் குழாயில் சூடான நீர் வந்தாலோ, வெந்நீர்க் கலன் சலசலவென்று கொதித்தாலோ, உடனே ஹீட்டரை அணைத்துத் தகுதியுள்ள பணியாளரை அழைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஒருவேளை விபத்து நேர்ந்தால் அது துயரமாகும், பழியாகாது. செய்யாதவருக்கோ, எதுவும் நேராவிட்டாலும் பழி உண்டு.