பறித்த முகமும் தந்த முகமும்

பிறர் பொருளை அவர் இசைவின்றி எடுத்துக்கொள்வது களவு என்பதை எல்லோரும் ஒப்புவர். பிறர் முகத்தை, அவர் காட்ட விரும்பாத ஒரு கணத்தில் எடுத்துக்கொள்வது எத்தகைய செயல்? நிழற்படம் எடுப்பவர் எதிரில் இருப்பவரின் உடைமை எதையும் கவர்வதில்லை. படம் எடுக்கப்பட்டவரிடமிருந்து கண்ணுக்குத் தெரிய ஏதும் குறைவதுமில்லை. ஆயினும் அவர் மறைத்து வைத்த ஓர் உணர்ச்சி அப்படத்தில் வெளிப்பட்டுவிட்டால், அது அவர் கையை விட்டு நீங்கி உலகத்தார் கைக்குச் சென்றுவிடுகிறது. அதனை அவர் திரும்பப் பெற இயலாது. கொடாததைக் கொள்ளலாகாது என்னும் நெறியைப் போற்றும் நாம் இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முகப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற யூசுஃப் கார்ஷ் அவர்களின் வாழ்வையும் கொள்கையையும் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

கார்ஷ் 1908ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இன்று துருக்கியின் தென்கிழக்கில் உள்ள மார்டின் நகரில், ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தார். 1915இல் தொடங்கிய ஆர்மீனியப் படுகொலையின் கொடுமைகளுக்கு நடுவே அவரது இளமை கழிந்தது. 1922இல் அக்குடும்பம் சிரியாவின் அலெப்போ நகருக்குத் தப்பிச் சென்றது. சிறுவனாயிருந்தபோது பிற பிள்ளைகள் தம்மீது கல்லெறிந்ததையும், தாம் பதிலுக்கு எறிய எண்ணியதையும், அப்போது தாயார் தடுத்துக் கூறியதையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அப்பிள்ளைகள் தாம் செய்வது இன்னதென்று அறியாதவர்கள். பதிலுக்கு எறிந்தே தீர வேண்டுமென்றால் குறி தவறும்படி எறி என்பதே அத்தாயின் அறிவுரையின் சாரம். தம் இனத்தார் கொல்லப்படுவதைக் கண்ட காலத்திலும் மகனுக்கு அவர் இவ்வாறு கூறினார் என்பது எண்ணத் தக்கது.

1920களின் நடுவில், இளைஞராகத் தனியே கப்பலேறிய கார்ஷ், கனடாவில் நிழற்பட நிலையம் நடத்தி வந்த தம் தாய்மாமன் ஜார்ஜ் நகாஷிடம் சென்று சேர்ந்தார். மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது. மாமனுக்கு உதவியாக நின்றவரை அத்தொழிலே ஆட்கொண்டது. 1928இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் காரோ என்னும் ஆர்மீனியக் கலைஞரிடம் பயிலச் சென்றார். காரோ பகலொளியைக் கொண்டே படமெடுத்தவர். காமிராவைத் தொடுமுன், தான் நாடுவது யாதென உள்ளத்தில் தெளிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அவரிடமிருந்து கார்ஷ் பெற்றார். பின்னர்க் கனடாவின் தலைநகராகிய ஆட்டவாவில் தங்கி, 1930களின் தொடக்கத்தில் சொந்த நிலையம் அமைத்தார். அந்நகர நாடக அரங்கின் மேடை விளக்குகளைக் கண்டு செயற்கை ஒளியின் ஆற்றலை உணர்ந்தார். முகத்திற்கு ஓர் ஒளி, கைகளுக்கு வேறோர் ஒளி எனத் தனித்தனியே அமைப்பது அவரது முறையாயிற்று. முகத்தைப் போலவே கைகளும் ஒருவரின் இயல்பைச் சொல்லும் என்பது அவர் துணிபு.

ஒவ்வோர் ஆணிடமும் பெண்ணிடமும் ஓர் இரகசியம் மறைந்துள்ளது. இயலுமானால் அதனை வெளிப்படுத்துவதே தம் பணி என்று கார்ஷ் எழுதினார். தம் உள்ளத்தை மறைக்க மாந்தர் அணியும் முகமூடி, ஒரு நொடியின் சிறு பகுதியில் சற்றே விலகும். அப்போது செயற்படாத கலைஞன் அதனை இழந்துவிடுவான் என்றும் கூறினார். இக்கொள்கையில் இரண்டு கூறுகள் உள்ளன. 'இயலுமானால்' என்பதில் பணிவு இருக்கிறது. 'அப்போதே செயற்பட வேண்டும்' என்பதில் வேட்டைக்காரனின் விரைவு இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் நம் வினா பிறக்கிறது.

அம்மோதலை 1941ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நிகழ்ந்த ஒரு செயலில் தெளிவாகக் காணலாம். இரண்டாம் உலகப் போர் கடுமையாக நடந்துகொண்டிருந்த அந்நாளில் பிரிட்டனின் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். உரை முடிந்து அவர் வரவிருந்த அறையில் கார்ஷ் முன்னதாகவே விளக்குகளை அமைத்துக் காத்திருந்தார். படம் எடுக்கப்படும் என்பது சர்ச்சிலுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர் சினந்தார், பின்னர் ஒரே ஒரு படத்திற்கு இசைந்தார். வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. கார்ஷ் சாம்பல் கிண்ணத்தை நீட்டினார். சர்ச்சில் சுருட்டை விடவில்லை. காமிராவைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் அருகில் சென்ற கார்ஷ், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அச்சுருட்டை அவர் வாயிலிருந்து எடுத்துவிட்டார். திரும்பி வந்து காமிராவை இயக்கியபோது, தம்மை விழுங்கிவிடுவார் போல் சர்ச்சில் விழித்தார் என்று அவரே பின்னர் கூறியுள்ளார்.

அந்த விழிப்புத்தான் உலகம் அறிந்த சர்ச்சிலின் முகம். பகைவனுக்கு அஞ்சாத ஒரு நாட்டின் உறுதியை அதில் மக்கள் கண்டனர். இங்கிலாந்து வங்கி 2016இல் வெளியிட்ட ஐந்து பவுண்டு தாளிலும் அம்முகமே இடம்பெற்றது. அடுத்த சில கணங்களில் சர்ச்சில் முறுவலித்து, இன்னொரு படம் எடுத்துக்கொள்ளத் தாமே இசைவு தந்தார். முழங்கும் சிங்கத்தையும் படத்திற்காக அசையாமல் நிற்கச் செய்ய உம்மால் முடிகிறது என்னும் பொருள்படப் பாராட்டிக் கைகுலுக்கினார். முறுவல் பூத்த அந்த இரண்டாம் படமும் இருக்கிறது. ஆனால் அதனை அறிந்தோர் சிலரே. உலகம் தந்த முகத்தை விடுத்துப் பறித்த முகத்தையே போற்றிக்கொண்டது.

கார்ஷின் செயல் அறத்தின்பாற்பட்டதா? அதனை ஆதரிப்போர் மூன்று காரணங்கள் கூறலாம். போர்க்காலத்தில் மக்களுக்கு அப்படம் ஊக்கம் தந்தது என்பது ஒன்று. சர்ச்சிலே அதனைப் பொறுத்துக்கொண்டார் என்பது இரண்டாவது. அச்சினம் பொய்யன்று, அவருடைய உண்மை இயல்பே என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

நற்பயன் விளைந்தது என்பதால் செய்த முறை தூயதாகிவிடாது. பின்னர் வந்த பொறுமை சர்ச்சிலின் பெருந்தன்மையைக் காட்டுமேயன்றிக் கார்ஷுக்கு முன்னரே ஓர் உரிமை இருந்ததாகக் காட்டாது. மூன்றாவது காரணமே ஆழ்ந்து நோக்கத் தக்கது. சினம் உண்மையே, ஆனால் அது சுருட்டை இழந்தவரின் சினம். காண்போரோ அதனைப் பகைவர் மீது எழுந்த சினமாகக் கொண்டனர். ஆக, காமிரா பொய்யுரைக்கவில்லை. ஆயினும் காண்போர் கொண்ட பொருள் அந்த அறையில் நிகழ்ந்ததன்று. ஒரு கணத்தின் முகத்தைக் கொண்டு ஒரு மனிதரின் முழு இயல்பையும் அறிந்துவிட்டதாக எண்ணுவது எவ்வளவு பிழைபடக்கூடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் கார்ஷின் பக்கத்தில் கூறத் தக்கனவும் உள. அவர் மறைந்திருந்து எடுக்கவில்லை. நேருக்கு நேர் நின்று, மன்னிப்புக் கேட்டு, சினத்தைத் தாமே ஏற்றார். சுருட்டை எடுத்த செய்தியை மறைக்காமல் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். அன்றியும், எதிரில் இருந்தவர் பேராற்றல் வாய்ந்த தலைவர். மறுக்கவும் எழுந்து போகவும் அவரால் முடியும்.

மறுக்க இயலாதவரிடம் இதுவே நிகழ்ந்தால் என்னாகும்? 1936இல் டோரதியா லாங் என்னும் கலைஞர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிபோமோ என்னும் ஊரில், பட்டினியால் வாடிய கூலித் தொழிலாளர் முகாமில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் படமெடுத்தார். ஏழைகளின் துயரை அரசுக்கும் மக்களுக்கும் உணர்த்த வேண்டும் என்ற நல்ல எண்ணமே லாங்குக்கு இருந்தது. அப்படம் அந்நாட்டின் வறுமைக்கால அடையாளமாகவே நிலைத்தது. ஆனால் லாங் அத்தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அவர் பெயர் 1978இல்தான் உலகிற்குத் தெரிய வந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், தம்மை எடுக்காமலிருந்திருக்கலாம் என்றும் அவர் வருந்தினார். லாங் எவரிடமிருந்தும் சுருட்டைப் பறிக்கவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் சர்ச்சிலுக்கு நேர்ந்ததைவிட அத்தாய்க்கு நேர்ந்தது பெரிது. எடுக்கும் செயலின் பாரம், எடுப்பவரின் எண்ணத்தைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. எடுக்கப்படுபவருக்கு 'வேண்டா' என்று சொல்லும் வலிமை உண்டா என்பதையும் பொறுத்தே அமைகிறது.

கார்ஷின் பிற்காலப் படங்கள் வேறொரு வழியையும் காட்டுகின்றன. 1948இல் பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லரைப் படமெடுக்கச் சென்றபோது, அவ்வம்மையார் முதலில் தம் கைகளைக் கார்ஷின் முகத்தில் வைத்துத் தடவி அவரை அறிந்துகொண்டார். பிறர் முகங்களை ஆராய்ந்து வந்தவரின் முகம் அன்று ஆராயப்பட்டது. பார்க்கிறவர் தாமும் பார்க்கப்பட இசையும்போது, அங்கே பறிப்பதற்கு இடமில்லை. கொடுத்தலும் பெறுதலுமே நிகழ்கின்றன.

1954இல் அவர் பாப்லோ கஸால்ஸ் என்னும் இசை மேதையைக் காணச் சென்றார். பிராங்கோவின் ஆட்சியை ஏற்க மறுத்து ஸ்பெயினை நீங்கிய கஸால்ஸ், பிரான்சின் பிராட் என்னும் ஊரில் வாழ்ந்துவந்தார். அவ்வூருக்கு அருகிலுள்ள பழைய மடாலயம் ஒன்றில் அவர் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியை வாசிக்கத் தொடங்கியபோது, கார்ஷ் தம் பணியை மறந்து சில கணங்கள் கேட்டுக்கொண்டே நின்றார். பின்னர் அவர் எடுத்த படத்தில் கஸால்ஸின் முகமே இல்லை. வெறுஞ்சுவரும், உயரத்தில் ஒரு சிறு சாளரமும், இசையில் ஒன்றிய முதியவரின் முதுகுமே உள்ளன. அதற்கு முன்னும் பின்னும் தாம் எவரையும் முதுகுப்புறத்திலிருந்து எடுத்ததில்லை என்று அவர் கூறியுள்ளார். முகமூடி விலகும் கணத்திற்காக வாழ்நாளெல்லாம் விழித்திருந்தவர், அன்று முகத்தையே விட்டுவிட்டார். அதனால் அப்படம் குறைவுபடவில்லை. பாஸ்டன் நகரில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் நாள்தோறும் வந்து அதன் எதிரில் நின்றாராம். காரணம் வினவியவரை, தாம் இசை கேட்டுக்கொண்டிருப்பதாகக் கூறி அமைதியாயிருக்கச் சொன்னாராம்.

கார்ஷ் 1992இல் தம் நிலையத்தை மூடி, 2002இல் தமது 93ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னவுடன் உலகம் சர்ச்சிலின் படத்தையே நினைக்கும். நம் நோக்கில் அவரது கலையின் உயர்நிலை கஸால்ஸின் படத்தில் உள்ளது. அங்கே அவர் எதையும் எடுக்க முயலவில்லை. தமக்குத் தரப்பட்டதை ஏற்றுக்கொண்டார். குறி தவறும்படி எறியச் சொன்ன தாயின் மகனுக்கு, கைக்கெட்டியதையும் எடுக்காமல் விடும் ஆற்றல் ஈற்றில் வாய்த்தது எனலாம்.

இவ்வாராய்ச்சி தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. இன்று காமிரா பொருந்திய கைபேசி நம் இல்லங்களில் சிறுவர் கையிலும் இருக்கிறது. நோயுற்றுப் படுத்திருப்பவர், துயரத்தில் அழுபவர், நினைவு தடுமாறிய முதியவர், கேட்டால் மறுக்கத் தெரியாத பணியாளர், அழும் குழந்தை ஆகியோரின் முகங்கள் அன்பின் பெயராலேயே எடுக்கப்பட்டுப் பலருக்கும் அனுப்பப்படுகின்றன. நம் எண்ணம் நல்லது என்பது அங்கே போதிய விடையாகாது. லாங்கின் எண்ணமும் நல்லதே. இவர் வேண்டா என்று சொல்ல வல்லவரா, சொல்ல வல்லவராயின் என்ன சொல்லியிருப்பார் என்று ஒருகணம் எண்ணிய பின்னரே விரலை அழுத்துவோம். விடை தெளிவாக இல்லையெனில், கருவியைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகில் அமர்வோம்.