ஆணுக்கு அழகு எதற்கு?

பள்ளியில் ஆண்டு விழா. அன்று ஒரு நாள் மட்டும் சீருடைக்கு ஓய்வு. ஊருக்கு அப்பால் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், மடிப்புக் கலையாத இளஞ்சிவப்புச் சட்டையும் ஜீன்சும் அணிந்து, தலையைப் படிய வாரி, சட்டைப்பையில் சிறு சீப்போடு ஆசிரியர் அறைக்கு வந்தான். "ஆம்பளப் பையனுக்கு இவ்வளவு சோக்கு எதுக்குடா? யாரை மயக்கப் போறே?" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அறையே சிரித்தது. அச்சிரிப்பில் நம் குரலும் கலந்திருந்தது. மறைத்து என்ன பயன்?

சிரிப்பு அடங்கிய பின்னரே சிந்தனை பிறந்தது. ஆள் பாதி, ஆடை பாதி என்று பழமொழி கற்பிக்கிறோம். ஆணொருவன் அந்தப் பாதியைக் கவனித்தால் மட்டும் எள்ளி நகையாடுகிறோம்! உடையில் நாட்டம் பெண்ணின் பேதைமை, ஆணுக்கோ இழுக்கு. இந்தச் சட்டத்தை இயற்றியவர் யார்?

இயற்கை இயற்றவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பிரபு பட்டும் சரிகையும் பூண்டு, பொய்முடி தரித்து, குதியுயர்ந்த செருப்போடு உலவினான். அவனுடைய ஆண்மை குறைந்ததென எவரும் அழவில்லை. பின்னாளில் அங்கே ஆண்கள் அலங்காரத்தைக் கைவிட்டதை, உளவியலார் ஃப்ளூகல் 1930-இல் எழுதிய நூலில் ஆண்களின் பெருந்துறவு என்று குறித்தார். துறவு என்றாலே, முன்பு இருந்ததை விட்டார்கள் என்றுதானே பொருள்?

அங்கே துறந்தனர், இங்கே தடுத்தனர்! அதே 1930-இன் டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர் மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். ஹட்டன் என்னும் ஆங்கில அதிகாரி தம் நூலில் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் ஆகாது. கிராப்பு வெட்டலாகாது. குடை ஆகாது, செருப்பும் ஆகாது. பெண்கள் மேலுடலை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது. மீறியோரின் குடிசைகளுக்குத் தீ! எண்ணிப் பாருங்கள், தோழர்களே. ஆடை அற்பப் பொருளெனில், ஏழையின் பனியனைக் கண்டு ஏன் அத்தனை அச்சம்?

அவ்வச்சம் மாண்டுவிட்டதா? 2012-இல் தமிழ்நாட்டு அரசியல் தலைவர் ஒருவர், தாழ்த்தப்பட்ட இளைஞர்கள் ஜீன்சும் டி-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். "யாரை மயக்கப் போறே?" என்ற கேள்வி எந்த ஊற்றிலிருந்து கிளம்பியது என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. கேட்டவரே அதை அறிந்திருக்கமாட்டார். அறியாமல் கேட்பதுதான் கொடுமை.

"எனக்கு உடையில் அக்கறையே கிடையாது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போதும்" என்று பெருமை பேசும் பெரியோர் உண்டு. வெள்ளையைப் போல் உழைப்பை விழுங்கும் உடை வேறு எது? சோப்பு, சொட்டு நீலம், கஞ்சி, இஸ்திரிப் பெட்டி. கழுத்துப்பட்டையின் அழுக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்த கைகள் எவருடையவை? தாயினுடையவை, மனைவியுடையவை, சலவைத் தொழிலாளியினுடையவை. நம் வீட்டிலும் அதுவே கதை. இருபத்தாறு வயதாகிறது, பட்டம் பெற்றிருக்கிறோம். சென்ற மாதம்வரை ஒரு பித்தானைத் தைக்க அறியோம்! அம்மாவிடம் ஊசி கேட்டபோது, "உனக்கெதுக்குடா இந்த வேலை?" என்றுதான் அவரும் கேட்டார்.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியார் முழங்கால் அளவு ஆடைக்கு மாறினார். அம்பேத்கரோ கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நிமிர்ந்து நின்றார். முன்னவரிடம் களைவதற்கு ஆடை இருந்தது. பின்னவர் பிறந்த மக்களிடமோ, களைய என்ன விட்டுவைத்திருந்தார்கள்? இருவரில் யார் வழி சரியென்ற வழக்கு இங்கு வேண்டா. (நம் மனம் பின்னவர் பக்கமே சாயும்.) ஆடையை அற்பமென்று இருவருமே தள்ளவில்லை என்பதைக் கண்டால் போதும்.

கடன்பட்டேனும் மினுக்கித் திரியச் சொல்கிறாயா என்று சிலர் சீறக்கூடும். விளம்பரக்காரன் விரிக்கும் வலையில் வீழ்கிறவனும் தன் உடையைத் தான் சிந்திக்காதவனே. அவனுக்காகப் பிறர் சிந்திக்கிறார்கள், பணப்பை அவனுடையது. இரண்டே சட்டை உடையவனும் தன் உடலுக்கு ஏற்ற அளவையும் நிறத்தையும் தேரலாம், கிழிசலைத் தானே தைக்கலாம். தைத்தவருக்கு என்ன கூலி என்றும் கேட்கலாம். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனரே, அவர்களுள் பெரும்பாலோர் உலகுக்கு உடை தைத்த தொழிலாளர்கள்தாம்.

விழாவுக்குப் பின் அம்மாணவன் தலைவாராமல் வந்தான். பையில் சீப்பில்லை. ஒரு வாரம் கழித்து, அந்தச் சட்டை எங்கே வாங்கினாய் என்று கேட்டோம். மீண்டும் கேலி என்றெண்ணித் தலைகுனிந்தான். "நன்றாக இருந்தது" என்றோம். அவன் நம்பவில்லை.