நிற்பதும் ஒரு கோலம்

திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலங்களில் சேவை சாதிக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணன் நிற்கிறார். மலைமேல் நரசிம்மர் வீற்றிருக்கிறார், அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், உலகளந்தவர் நடக்கிறார். நான்கில் நடக்கிற கோலம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கணக்கை என் மனத்தில் ஆழப் பதித்தவை பல்லாவரம் ஸ்டேஷனைக் கடந்துபோகும் கூட்ஸ் வண்டிகள்.

தமிழாசிரியையாக இருந்த காலமெல்லாம் பல்லாவரத்தில்தான் மின்சார ரயில் ஏறினேன். ஓய்வு பெற்ற பிறகும் கூட்ஸ் வந்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். என் அண்ணன் விழுப்புரத்தில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். இப்போது அந்த வேலைக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர். எக்ஸ்பிரசுக்கும் பாசஞ்சருக்கும் வழிவிட்டு, ஒலக்கூரிலோ தொழுப்பேட்டிலோ லூப் லைனில் மணிக்கணக்காக நிற்பதே பாதி வேலை என்பார்.

“இப்படிச் சும்மா நிக்கிறது அலுக்கலியா அண்ணா?” என்று கேட்டிருக்கிறேன்.

“வண்டி நிறைய நெல் இருக்கும்மா. அதுக்குக் காவலா இருக்கேன். சும்மாவா இருக்கேன்?” என்றார்.

இந்தியாவில் தண்டவாளத்தின் மூத்த பிள்ளை சரக்கு வண்டிதான். 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகள் போவதற்கு முன்பே, 1837இல், நம் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கல்லைச் சுமந்து ஒரு சிறிய ரயில் இயங்கியது. அந்த மூத்தது இன்று இளையவற்றுக்கெல்லாம் ஒதுங்கி நிற்கிறது. வேலைக்கோ கல்யாணத்துக்கோ காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் இதைத்தான்: காத்திருக்கும் காலம் வாழ்ந்த காலத்தில் சேருமா, வீணாய்ப் போனதா?

திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியும்வரை ஆறு மாதம் எதிரிலேயே தங்கியிருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. அவர் பொறுமைக்குப் பேர்போனவர் அல்லர். வாளேந்திய குறுநில மன்னர். அடியார்க்கு அமுது படைக்க வழிப்பறிக்கும் துணிந்தவர் என்று வைணவ மரபு சொல்கிறது. அப்படிப்பட்டவர் ஆறு மாதம் காத்திருந்தார். தரிசனத்துக்கு முந்தைய அந்த ஆறு மாதத்தையும் தரிசனத்தின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன். மலையை விட்டு அவர் மனம் ஒரு நாளும் திரும்பவில்லை, கால்தான் நின்றது.

அண்ணன் சொன்ன இன்னொன்று இதைவிட ஆழமானது. என்ஜினிலிருந்து கடைசி வேகன் வரை ஒரு காற்றுக்குழாய் ஓடுகிறது. அதில் காற்றழுத்தம் நிறைந்தால்தான் சக்கரங்களைப் பிடித்திருக்கும் பிரேக் விடும்; குழாய் எங்கே அறுந்தாலும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். என்ஜினில் அழுத்தம் 5 கிலோ ஏறிவிட்டால் மட்டும் போதாது. நாற்பது வேகன்களுக்குப் பின்னால், கார்டு பெட்டியிலுள்ள மானியிலும் முள் ஏற வேண்டும். கடைசி வண்டிக்குக் காற்று சேராமல் முதல் வண்டி கிளம்பக் கூடாது.

வேகன் தன் பிரேக்கைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது. காற்று முன்னாலிருந்து வர வேண்டும். அருளும் அப்படித்தான் என்று நம்புகிறேன். அது வரும் குழாயை அறுபடாமல் காப்பதே காத்திருப்பவருடைய வேலை. விளக்கேற்றுவது, பாடம் சொல்லித் தருவது, நோயாளியின் பக்கத்தில் இருப்பது எல்லாம் அந்த வேலைதான். ஆகவே காத்திருப்பு வீணில்லை.

ஆனால் இதைச் சொல்லிப் பிறரைக் காக்கவைப்பது பாவம். ஆழ்வார் தாமாக விரும்பித் தங்கினார். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் அலுவலக வாசலில் நிற்கும் கிழவி விரும்பி நிற்கவில்லை. அவளிடம் பொறுமையின் பெருமையைப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. லூப் லைனில் நிற்கும் வண்டிக்குக்கூடச் சிக்னல் தந்தாக வேண்டும் என்ற பொறுப்பு ஒருவருக்கு உண்டு.

காத்திருப்பது நம் கைங்கரியமாக இருக்கலாம். காக்கவைப்பது ஒருபோதும் கைங்கரியம் ஆகாது. முன்னால் இருப்பவர்கள், கடைசியில் இருப்பவருக்கும் காற்று சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.