பிள்ளைப்பேறும் பிடிவாதமும்

ஊசியும் கத்தியும் இன்றி, இயற்கையாகவே பிள்ளை பெறவேண்டுமென்று ஆசைப்படுகிறீர்களா, தாய்மாரே? நல்ல ஆசையே. ஆனால் அதை ஒரு நேர்த்திக்கடனாக்கி விடாதீர்கள்.

நோவைத் தாங்கினவளே உண்மைத் தாய் என்று சொல்வோர் உண்டு. ஆதியாகமத்தில் ஏவாளுக்குச் சொல்லப்பட்டதைச் சாட்சிக்கு இழுப்பர். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1956 ஜனவரி 8இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதற்கு விடை தந்தார். அச்சத்தைப் போக்கி, உடலைப் பழக்கி, நோவின்றிப் பெறும் முறை ஒழுக்கத்துக்கு முரணானதன்று. அவ்வேத வார்த்தை நோவைத் தணிப்பதைத் தடுக்கவுமில்லை என்றார். அம்முறை சோவியத் நாட்டில் வளர்ந்தது என்பதற்காக அவர் அதைத் தள்ளவில்லை.

ஆகவே நோவு தன்னிலே புண்ணியமுமன்று. அதைத் தணிப்பது பாவமுமன்று. தேவையின்றிக் கத்தி வைக்கவேண்டாமென்று கேட்பது தாயின் உரிமை. ஆனால் குழந்தையின் இதயத்துடிப்புத் தளர்கிறது, சத்திரசிகிச்சை வேண்டும் என்று வைத்தியர் சொல்லும் வேளையில், "நான் நினைத்தபடியே நடக்கவேண்டும்" என்பது விசுவாசமன்று, பிடிவாதம். அங்கே பணயம் வைக்கப்படுவது இரண்டு உயிர்கள். வைத்தியரின் அறிவும் இறைவன் தந்த கொடையே.

மாமிமாரே, மருமகள் பெற்ற விதத்தை அளந்து பார்க்காதீர்கள். சத்திரசிகிச்சையால் பெற்றதற்காக எந்தத் தாயும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியதில்லை. பிள்ளையை ஏந்தி நன்றி சொன்னால் போதும்.