முகத்தில் தேடப்படும் குற்றம்

ஜோடி பிக்கோ 2010இல் எழுதிய ‘ஹவுஸ் ரூல்ஸ்’ நாவலின் நாயகன் ஜேக்கப் ஹண்ட்டுக்கு 18 வயது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தாய் எம்மாவோடும் தம்பி தியோவோடும் வாழ்கிறான். அப்போது ஆஸ்பெர்கர் என்ற தனிப்பெயர் பெற்றிருந்த நிலை அவனுக்கு இருக்கிறது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அந்தப் பெயரைக் கைவிட்டு, அதை ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பிறரோடு பழகக் கற்றுத்தருவதற்காக அவனிடம் வந்துகொண்டிருந்த ஜெஸ் என்ற மாணவி பிணமாகக் கிடக்கிறாள். அவளைச் சுற்றியிருப்பது ஜேக்கப்பின் போர்வை. அவன்மீது சந்தேகம் எழுந்ததில் அநீதி எதுவும் இல்லை. போர்வை தடயம்தான், போலீஸ் அதைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். அதன் பிறகு தடயங்களின் வரிசையில் வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. கண்ணைப் பார்த்துப் பேசாதது, இறந்தவளுக்காக அழாதது, கைகளை ஓயாமல் அசைப்பது, கேட்ட கேள்விக்கு அட்சரம் பிசகாமல் விடை தந்து அதோடு நின்றுவிடுவது ஆகியவை குற்றத்தின் சாயலாகப் படிக்கப்படுகின்றன. ஒருவனின் முகத்தையும் உடம்பையும் அவனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்தலாமா என்பதுதான் இந்நாவல் எழுப்பும் கேள்விகளில் கனமானது. நிறுத்தக் கூடாது என்பதற்கு இரக்கத்தைவிட வலுவான காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், முகம் நம்பத்தக்க சாட்சியே அல்ல என்பது. பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறனைப் பற்றிய நூற்றுக்கணக்கான சோதனைகளைச் சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக நூற்றுக்கு 54 முறைதான் மனிதர்கள் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே 50 கிடைக்கும். ஆட்டிசம் உள்ளவர் எதிரே இருந்தால், பாதிக்குப் பாதி தவறக்கூடிய இந்தக் கணிப்பு ஒரே பக்கம் சாயத் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய காணொளிகளைப் பார்த்தவர்கள், முன்னவர்களையே கூடுதலாகப் பொய்யர்கள் என்றும் நம்பத்தகாதவர்கள் என்றும் மதிப்பிட்டார்கள். ஆனாலும் சாட்சி சொல்பவரின் தோரணையையும் கணக்கில் கொள்ளலாம் என்று நீதிபதிகள் ஜூரிகளுக்குச் சொல்வது அமெரிக்க நீதிமன்றங்களில் இன்றும் வழக்கம். தானே ஆட்டிசம் உடையவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: இவர்களுக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்பது பாதி உண்மைதான், மற்றவர்களுக்கும் இவர்கள் மனம் புரிவதில்லை. புரியாமை இரு பக்கமும் இருக்க, அதற்கான தண்டனையை ஒரு பக்கம் மட்டும் சுமப்பது எப்படி நியாயமாகும்?

முகக்குறி அறிவது மனிதனின் பழைய ஞானமல்லவா, அதை ஒதுக்கிவிட்டு எப்படி விசாரிப்பது என்று கேட்கலாம். தமிழில் இந்தக் கேள்விக்குத் தனி வலு உண்டு. குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் பாடியிருக்கிறார். அவை எங்கே நிற்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்று பொருட்பாலில், மன்னரைச் சேர்ந்தொழுகலை அடுத்து. மற்றது காமத்துப்பாலில், காதலர் இருவரிடையே. அமைச்சன் தினமும் அரசனின் முகத்தில் விழிப்பவன். காதலர்களோ ஒருவரையொருவர் கண் வாங்காமல் பார்ப்பவர்கள். பழக்கத்தில் விளைந்த அறிவு அது. முன்பின் அறியாத ஒருவனை மேசைக்கு அப்பால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கொலைகாரன் என்று முடிவு கட்டும் அதிகாரியிடம் அந்த அறிவு இருக்க வழியில்லை. ஆளைத் தேர்ந்து நம்புவதற்கு வள்ளுவர் கேட்கும் ஆராய்ச்சி, தெரிந்து தெளிதலில் வேறாக இருக்கிறது.

ஆனால் பழக்கமும் போதாது என்பதை எம்மாவின் பாத்திரத்தில் பிக்கோ காட்டுகிறார். நாவலின் மிகக் கொடிய பகுதி அதுவே. 18 ஆண்டுகள் மகனின் ஒவ்வொரு அசைவையும் படித்தறிந்தவள் அவள். தொலைக்காட்சிச் செய்தியில் அந்தப் போர்வையைக் கண்டதும் அவளே போலீஸை அழைக்கிறாள். மகனானாலும் உண்மையை மறைக்கக் கூடாது என்று எண்ணும் தாயைக் குறைகூற முடியாது. ஆனால் நடந்தது என்ன என்று அவனிடம் தெளிவாகக் கேட்டு, பதில் முடியும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. ஜெஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தவள். அங்கே தம்பி வந்துபோன சுவட்டைப் பார்த்த ஜேக்கப், தம்பியைக் காப்பாற்று என்ற வீட்டு விதிக்குக் கட்டுப்பட்டு, தனக்குத் தெரிந்த தடயவியலையெல்லாம் கொண்டு இடத்தையே மாற்றி அமைக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. உரிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. இத்தனை பேர் சூழ்ந்திருக்க ஒருவர்கூடக் கேட்காமலா இருப்பார்கள், கதையை நீட்ட ஆசிரியர் செய்த ஏற்பாடுதானே என்ற குறை நியாயமானது. நாவலின் பலவீனமும் அங்கேதான். ஆனாலும் குற்றவாளி இவன்தான் என்று தீர்மானித்துவிட்ட பிறகு கேட்கப்படும் கேள்விகள் இப்படித்தான் இருக்கும். செய்தாயா என்ற கேள்வி நின்றுபோய், ஏன் செய்தாய் என்ற கேள்வி மட்டும் எஞ்சும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் தனி விசாரணை முறை என்றால் சட்டத்தின் முன் சமத்துவம் என்னாவது, இறந்தவளின் பெற்றோருக்கு என்ன பதில் என்பது இன்னும் கடுமையான ஆட்சேபம். இதற்கு ஒரு பழைய வழக்கு விடை தருகிறது. லண்டனில் 1972இல் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் கொல்லப்பட்டபோது, அறிவுவளர்ச்சி குன்றிய 18 வயது இளைஞன் ஒருவனும் இரு சிறுவர்களும் வாக்குமூலம் கொடுத்தார்கள், தண்டிக்கவும் பட்டார்கள். அந்த வாக்குமூலங்கள் நிற்காதவை என்று 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. கொல்லப்பட்டவருக்கு அந்த மூன்றாண்டுகளில் நீதி ஒரு அடிகூட நெருங்கி வரவில்லை. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக 1984இல் வந்த சட்டத்தின் கீழ், இத்தகையவர்களை விசாரிக்கும்போது அவர்களுக்கு உதவத் தகுந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் ஏற்பட்டது. அது சலுகையாகாது. மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைப்பதை யாரும் பாரபட்சம் என்பதில்லை. ஜெஸ்ஸின் பெற்றோருக்கும் தங்கள் மகள் உண்மையில் எப்படி இறந்தாள் என்பதைவிடப் பெரிய நீதி வேறு இருக்க முடியாது. ஜேக்கப்பின் முகத்தைப் படித்த ஒவ்வொருவரும் அதைத் தாமதப்படுத்தினார்கள்.

இந்த வாதத்தை எதிர்த்திசையில் இழுத்துச் செல்வதும் தவறு. ஆட்டிசம் உள்ளவன் பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று விட்டுவிடுவதும் அவனை மனிதக் கணக்கிலிருந்து நீக்குவதே. நாவலில் வழக்கறிஞர் ஆலிவர் அவனைக் காப்பாற்ற, அவன் சித்தசுவாதீனம் இல்லாதவன் என்று வாதாட வேண்டியிருக்கிறது. தான் செய்தது இன்னதென்றும் ஏன் செய்தோம் என்றும் ஐயமின்றி அறிந்த ஒருவன், தன் முன்னாலேயே தன்னைப் பித்தன் என்று நிரூபிக்கும் முயற்சியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் செய்த தவறு ஒன்று உண்டு: இறந்தவளின் உடலை இடம் மாற்றினான், தடயங்களைப் புனைந்தான். அதற்கு அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், பதில் சொல்லும் திறனும் உள்ளவன். அதைப் பற்றி அவனுக்குப் புரியும் சொற்களில், நேராகக் கேட்டிருக்கலாம்.