படிக்க ஓர் ஊர், பாட ஓர் ஊர்

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்கிற பிள்ளை உயர்தரப் பரீட்சையை எழுதி முடிக்கும் காலத்தில் வீட்டுக்குள் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். குரல் நன்றாக இருக்கிறது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் தரம் தரமாக ஏறியாயிற்று. ஊர்க் கோயில் திருவிழாவில் பாடி நாலு பேர் மெச்சியாயிற்று. இனி என்ன? மருதனார்மடத்துச் சங்கீத அகடமியில் சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்புவதா, லண்டனில் இருக்கிற மாமா கூப்பிடுகிறாரே, அங்கே போகட்டுமா? தகப்பன் ஒன்று சொல்வார், பேத்தியார் இன்னொன்று சொல்வார். கடைசியில் தாய்மார் என்னிடம் வருவார்கள். "ரீச்சர், இஞ்ச இருந்தால் பிள்ளை முன்னுக்கு வருமோ?" என்று கேட்பார்கள்.

போனால்தான் வாழ்வு என்று சொல்கிறவர்களும் உண்டு, ஊரைவிட்டுப் போகாதே என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள் என்றே நினைக்கிறேன். அந்தத் தாய்மாரின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளை எங்கே கற்றுக்கொள்ளும் என்பது ஒன்று. பிள்ளையின் சங்கீதத்துக்கு எங்கே வேலை இருக்கும் என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே ஊர் விடை தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சங்கீதத்தை நம்பிப் புறப்பட்ட பிள்ளைகள் பட்ட துன்பங்களில் நான் கிட்ட இருந்து பார்த்தவை பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்பில் தொடங்கியவைதான்.

யாழ்ப்பாணம் சங்கீதக்காரர் விட்டுப் போகிற ஊர் என்றே இளம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அவர்களுடைய பாட்டன் காலத்தில் இது சங்கீதக்காரர் தேடி வருகிற ஊராகவும் இருந்தது. வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா இந்தியாவிலிருந்து வந்து இங்கே சங்கீதம் கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் பின்னால் உலகம் அறிந்த வயலின்காரர்கள் ஆனார்கள். சுப்பிரமணியத்தின் குழந்தைப் பருவமும் முதல் மேடையும் யாழ்ப்பாணத்துக்கு உரியவை. 1958 இனக்கலவரத்தோடு அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. தொழிலைத் தேடி இந்த ஊருக்கு வந்த ஒருவரை உயிரைக் காக்க இந்த ஊரை விட்டுப் போக வைத்த தீவு இது. கலைஞர்கள் ஏன் போகிறார்கள் என்று பேசும்போது இதை ஒதுக்கிவைத்துப் பேச என்னால் முடியாது.

இராமநாதன் கல்லூரியோடு சேர்ந்து 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய சங்கீத அகடமிக்கு மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்தார். தஞ்சாவூர்ப் பாணியில் ஊறிய ஒருவர் மருதனார்மடத்தில் இருந்து நம்முடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அதே நிறுவனம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்றைக்கும் அங்கே படித்துத்தான் பெரும்பாலான சங்கீத ஆசிரியர்கள் வெளியே வருகிறார்கள்.

கோயில்களின் கதை இன்னும் பெரிது. இங்கே திருவிழா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உபயகாரருக்கு உரியது. நேற்றைய திருவிழாக்காரர் நல்ல மேளம் பிடித்தார் என்றால் இன்றைய திருவிழாக்காரர் அதைவிட நல்ல மேளம் பிடிக்க வேண்டும். அந்தப் போட்டிதான் நாதஸ்வர வித்துவான்களான டி.என். ராஜரத்தினம் பிள்ளையையும் காருகுறிச்சி அருணாசலத்தையும் ஷேக் சின்ன மௌலானாவையும் கடல் கடக்க வைத்தது. மானப் பிரச்சினையில் செலவழித்த காசு என்று அதை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. நான் அப்படிப் பேசமாட்டேன். இரவு முழுக்க வீதியில் இருந்து சமா கேட்ட சனத்துக்கு அந்தக் காசு காது வைத்தது. இணுவிலிலும் அளவெட்டியிலும் கட்டணம் கட்டிப் படிக்காமலே சிறுவர்கள் உயர்ந்த வாசிப்பை வருஷா வருஷம் கேட்டு வளர்ந்தார்கள்.

அப்படி வளர்ந்தவர்தான் தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி. 1933இல் இணுவிலில் தவில்காரர் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தார். அளவெட்டியில் குடியிருந்தார். தமிழ்நாட்டுக்குப் போய் அங்கே உச்சத்தில் இருந்த நாதஸ்வர வித்துவான்களுக்கு வாசித்தார். நாச்சியார்கோவில் ராகவப்பிள்ளை போன்ற தவில் மேதைகளுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தார். தவிலின் சொந்த மண்ணிலேயே தவிலுக்கு இன்னோர் எல்லை உண்டு என்று காட்டினார். அங்கே அவரை "யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி" என்றுதான் அழைத்தார்கள். 1975இல், நாற்பதைச் சற்றுத் தாண்டிய வயதில், காலமாகிவிட்டார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவில் தேசிய விருது பெற்றது. தவில் கற்கிற பிள்ளைகள் அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

தட்சிணாமூர்த்தியின் வாழ்க்கையில் என்னை நிறுத்துவது அவருடைய போக்குவரத்து. தமிழ்நாட்டில் அவரைக் கொண்டாடினார்கள். ஆனாலும் அளவெட்டி வீடு வீடாகவே இருந்தது. என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கு வாசிக்க இங்கே அவர் இருந்தார். அவருடைய இளமைக் காலத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறினால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரம். போவதும் வருவதும் ஒரே பயணத்தின் இரண்டு பாதிகளாக இருந்தன. போர் வந்தபின் கப்பலும் நின்றது, 1990இல் யாழ்தேவி ரயிலும் நின்றது. அதன் பிறகு போகிறவர்கள் திரும்பி வருவது அரிதாகிவிட்டது. "போதல்" என்றாலே "விடுதல்" என்று நம் மனங்களில் பதிந்தது அதற்குப் பிறகுதான். முன்னோருக்கு அது அப்படி இருக்கவில்லை.

நான் வளர்ந்தது அந்த மூடிய காலத்தில். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. இரவில் திருச்சி வானொலி தெளிவாக இழுக்கும். அப்பா சுற்றுவார். கச்சேரியில் ராகம் நீண்டுகொண்டே போகும்போது அப்பாவுக்குக் கை சோர்ந்தால் பாடகரின் குரல் அமுங்கிக்கொண்டு போகும். அண்ணா ஓடிப்போய்க் கை மாற்றுவான். ஒரு ஆலாபனை முடியும்வரை அதைக் கைவிடக்கூடாது என்று அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் காது கடலுக்கு அப்பால் போய்ப் பழகியிருந்தது. 2002இல் யாழ்ப்பாணத்தை வெளியோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தபோது உடம்பும் புறப்பட்டது. படிக்கச் சென்னைக்குப் போனேன்.

அந்த நகரம் எனக்குக் கொடுத்ததை நன்றியோடு சொல்ல வேண்டும். அது எனக்கு மேடை தரவில்லை. கேட்கிறவர்களைத் தந்தது. மார்கழியில் மத்தியானக் கச்சேரிகளுக்குச் சபாக்களில் பெரும்பாலும் டிக்கெட் இல்லை. மயிலாப்பூரில் அறை எடுத்திருந்த நாங்கள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அங்கேதான் இருப்போம். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான ஐயா ஒருவர், இளம் பாடகி ஒருத்தி தோடியில் ஓரிடத்தைக் கடந்தபோது மெல்லத் தலையை ஆட்டினார். மெச்சி ஆட்டிய ஆட்டம் இல்லை அது. என்ன பிழை என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பல மாதங்கள் கழித்து, என் குரு என்னை அதே இடத்தில் நிறுத்தி, காந்தாரத்தை நான் அசைக்கிற விதத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தியபோதுதான் அந்த ஐயாவின் தலை எதற்கு ஆடியது என்று விளங்கியது. வங்கியிலோ தபால் கந்தோரிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், ஆசிரியரும் இல்லை, வித்துவானும் இல்லை. அப்படிப்பட்ட காதுகள் வரிசை வரிசையாக இருக்கிற மண்டபத்தில் பாடப் பழகுகிறவர்களுக்குத் தப்ப இடம் இல்லை. ஒரு பெரிய நகரத்துக்குப் போவதன் பயன் என்று ஏதும் இருந்தால் எனக்கு அதுதான்.

அதே நகரத்துக்கு என் பாட்டுத் தேவைப்படவில்லை. அதில் வருத்தப்பட ஏதும் இல்லை. என்னளவு பாடுகிறவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருந்தார்கள். வரிசையில் நிற்க வேண்டும், அறிமுகம் வேண்டும், செலவுக்குக் காசு வேண்டும், பொறுமையும் வேண்டும். அதையெல்லாம் தாங்கி நின்று மேலே வந்தவர்களை நான் மதிக்கிறேன். நான் திரும்பி வந்தேன். "ஏன் பிள்ளை திரும்பி வந்தனீ?" என்று ஊரில் கேட்டார்கள். இங்கே வேலை காத்திருந்தது. பாடசாலையில் பிள்ளைகள், வீட்டுக்கு வருகிற பிள்ளைகள், திருவிழாக்கள், சிவராத்திரிகள். அங்கே திருந்திய காந்தாரத்தை இங்கே கேட்கக் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள் என்பது உண்மை. பிள்ளைகளைப் பாடப் பழக்குவதோடு கேட்கவும் பழக்குவது என் வேலையாகியது.

இந்த இடத்தில் நான் எப்போதும் நினைப்பது ந. வீரமணி ஐயரை. இணுவிலில் பிறந்து, சென்னையில் கலாக்ஷேத்திராவில் படித்தவர். அந்தக் காலத்தில் மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மேல் அவர் இயற்றிய "கற்பகவல்லி" பாட்டை டி.எம். சௌந்தரராஜன் பாடினார். தமிழ் வழங்கும் இடமெல்லாம் அதைக் கேட்டார்கள். எழுதியவர் யாழ்ப்பாணத்தார் என்று தெரியாமல் பாடுகிறவர்கள் இன்றும் மயிலாப்பூரிலேயே இருப்பார்கள். அப்படி ஒரு பாட்டைக் கொடுத்தபின் அங்கேயே தங்கியிருந்தால் அவர் வாழ்க்கை வேறாகியிருக்கலாம். அவர் திரும்பி வந்து கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளராக இருந்தார். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களிலும் கீர்த்தனைகள் செய்தார். ஊர் ஊராகக் கோயில்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். அவரிடம் படித்த ஆசிரியர்கள் வடக்கின் பாடசாலைகளுக்கெல்லாம் போனார்கள். 2003இல் காலமானார். புகழ் குறைந்துபோன வாழ்க்கை என்று அதைச் சொல்லக் கூடுமா? எனக்கு வாய் வராது.

பெண்பிள்ளைகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பையன் மிருதங்கத்தோடு சென்னைக்குப் போக இரண்டு நாளில் முடிவெடுக்கிற வீடு, பெண் போகவேண்டும் என்றால் ஆறு மாதம் யோசிக்கும். தங்குமிடம், துணை, கலியாணம். என்னிடம் படித்தவர்களில் நல்ல குரல்காரிகள் பலர் சங்கீதத்துக்காக ஊரைவிட்டுப் போகவில்லை, கலியாணம் கட்டிப் போனார்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் அடுக்குமாடி வீட்டு ஹோலில் பாய் விரித்து, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அதுவே முழுநேரத் தொழிலாகிவிட்டது. யாரும் திட்டமிடாத ஒரு சங்கீத வாழ்க்கை அது. ஆனால் அவர்களில் ஒருத்தி தொலைபேசியில் என்னிடம் சொன்னது மனதில் கிடக்கிறது: "ரீச்சர், எனக்குச் சொல்லித் தர இஞ்ச ஆருமில்லை." பதினைந்து வருஷமாக அவள் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். வேலை தருகிற ஊர் கிடைத்துவிட்டது. கற்றுத் தருகிற ஊர் கிடைக்கவில்லை.

தவில், நாதஸ்வரக்காரர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கோடையில் ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கும், லண்டன், சுவிஸ் கோயில்களின் திருவிழாக்களுக்கும் இங்கிருந்து கலைஞர்கள் போகிறார்கள், வாசிக்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். தட்சிணாமூர்த்தியின் போக்குவரத்து வேறொரு தூரத்தில் மறுபடி நடக்கிறது. கடலும் மெல்ல மெல்லத் திறக்கிறது. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. 2023இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. பிள்ளை போவதானால் ஊரோடு உறவை அறுத்துக்கொண்டு போகவேண்டும் என்கிற கட்டாயம் முந்திய தலைமுறைக்கு இருந்ததுபோல் இப்போது இல்லை.

அதே 2023 டிசம்பரில் அரியாலைச் சிறுமி கில்மிஷா சென்னையில் ஜீ தமிழின் "சரிகமப" போட்டியில் முதலிடம் பெற்றாள். ஊர் முழுக்க மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். அதன் பிறகு என்னிடம் வருகிற தாய்மாரின் கேள்வி மாறிவிட்டது. எந்தக் குருவிடம் விடலாம் என்று கேட்டவர்கள் எந்தப் போட்டிக்கு விடலாம் என்று கேட்கிறார்கள். இது எனக்குக் கவலை தருகிறது. தொலைக்காட்சி ஒரு குழந்தையின் குரலை ஒரே இரவில் உலகத்துக்குக் கேட்க வைக்கும். அந்தக் குரல் இருபத்தைந்து வயதில் என்ன பாடும் என்பதை அது கவனிக்காது, அது அதன் வேலையும் இல்லை. வெளியே தெரியவருவதற்காக மட்டும் ஊரைவிட வேண்டிய காலம் போய்விட்டது. இணுவிலில் ஒரு அறையில் இருந்து பாடினால் சிட்னியில் கேட்கிறார்கள். நேரில் இருந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, "இன்னொருக்கால் பாடு" என்று சொல்லத் தகுதியுள்ள ஒருவர் கிடைப்பதற்குத்தான் இன்னும் பயணம் தேவைப்படுகிறது.

இப்போது என்னிடம் படிக்கிற ஒரு பெண் இந்திய அரசின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். போகத்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். எந்தக் கல்லூரி என்று யோசிப்பதற்கு முன், கல்லூரி நேரம் போக மிச்ச நேரத்தில் யாரிடம் போய் உட்காருவாய் என்று யோசி என்றும் சொன்னேன். இரண்டு மூன்று பேரின் பாட்டைக் கேட்டுப் பார்த்து ஒருவரைத் தெரிந்துவைத்திருக்கிறாள். அவர் எடுப்பாரோ தெரியாது. தாய் தங்குமிடத்தைப் பற்றிக் கேட்டார், மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறேன். வருஷம் ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்துபோக லீவு கிடைக்குமா என்று அவள் கேட்டாள். கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கு என்றேன்.