யாருடைய தூக்கம்?

'அப்பப்போ செஞ்சு சாப்பிடறதுதான் ருசி' என்று நம்மில் பலருக்கு ஒரு பிடிவாதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் முகம் சுளிப்போம். வீட்டில் பன் செய்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். முந்தின நாள் சாயங்காலமே மைதாவில் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, வெண்ணெய், வெதுவெதுப்பான பால் சேர்த்துப் பிசைந்து, மாவு இரண்டு மடங்காக உப்பினதும் உருட்டித் தட்டில் அடுக்கி, மூடி, ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறார்கள். காலையில் எடுத்து ஒரு மணி நேரம் சொச்சம் வெளியே வைத்தால் குளிர் விட்டு மறுபடி உப்பும். பிறகு 190 டிகிரியில் இருபது நிமிஷம். அவ்வளவுதான்.

ஈஸ்ட் ஓர் உயிர். மாவின் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது; பன்னில் இருக்கும் ஓட்டையெல்லாம் அது விட்ட மூச்சு. 4 டிகிரி குளிரில் அது சாவதில்லை, சோம்பேறியாகிறது. மெதுவாகப் புளிப்பதால் வாசனை கூடுகிறது. ராத்திரி அரைத்து வைத்துக் காலையில் இட்லி சாப்பிடுகிற நமக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது.

இதில் தர்மம், நியாயம் எங்கே வந்தது என்பீர்கள். ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் ஈஸ்டைத் தூங்கவைக்கச் சுலபமான வழி இல்லை. அதனால் மனுஷன் முழித்திருந்தான். ஐரோப்பிய நகரங்களில் விடிந்ததும் சூடான ரொட்டி வேண்டுமென்றால், யாரோ நடுராத்திரியில் மாவு பிசைய வேண்டும். 1871-ல் பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு இரண்டு மாதம் சொச்சம்தான் இருந்தது. வெளியே பீரங்கி முழங்கிய அந்த அவசரத்திலும், ரொட்டிக் கடைகளில் ராத்திரி வேலை கூடாது என்று ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டார்கள். கம்யூன் ஒழிந்தது, உத்தரவும் போயிற்று. ராத்திரி பத்திலிருந்து காலை நாலு வரை ரொட்டி செய்யக் கூடாது என்று பிரான்சில் சட்டம் வர 1919 ஆயிற்று.

அமெரிக்காவில் வேறு கதை. பேக்கரி ஆட்கள் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை 1905-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ரத்து செய்தது. எத்தனை மணி நேரம் என்பது முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிவு செய்கிற சுதந்திரமாம். 'முடியாது' என்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவனிடம் 'உன் இஷ்டம்தானப்பா' என்பது எந்த ஊர் சுதந்திரமோ!

1925-ல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ராத்திரி ரொட்டி வேலைக்குத் தடை கொண்டுவந்தது. முதலாளி தானே பிசைந்தாலும் தப்பு. சரிதான், ஒரு கடைக்காரர் முழித்திருந்தால் பக்கத்துக் கடைக்காரரும் முழித்திருந்தே ஆக வேண்டும். கொடுத்த விதிவிலக்குகளில் ஒன்று: ஒரு வீட்டார் தங்களுக்காகச் செய்துகொள்வது இதில் சேராது.

அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. வீட்டில் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பது யார்? கேட்டால் 'பழகிப்போச்சு, எனக்கொண்ணும் கஷ்டமில்லை' என்பார்கள். பாசத்தில் செய்வதைச் சட்டத்தோடு ஒப்பிடலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். செய்கிறவருக்கு அது பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் முந்தின ராத்திரியே செய்து வைத்தாலும் ருசி குறையாது என்று தெரிந்த பிறகும், 'இப்போ செஞ்சாத்தான் தொண்டையில இறங்கும்' என்று உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதே பெயரைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.